உள்ளே இருந்த குழாய்

17

ஆதிலட்சுமியைக் குளிரில் நடுங்கவிட்டு, நான் பாட்டுக்குப் போன வார அத்தியாயத்தை முடித்துவிட்டேன் என்று உங்களில் பலருக்குக் கோபம். 'அந்தம்மாவுக்கு ஒரு போர்வையாவது போத்திவிட்டுப் போயிருக்கலாம்' என்று காரைக்கால் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். போர்த்தியாயிற்று அம்மா, ஒன்றுக்கு இரண்டாக. நடுக்கம்தான் நின்றபாடில்லை.

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வரி. ஆதிலட்சுமி நெல்லித்தோப்புக்காரி. அறுபத்திரண்டு வயது. மில்லை மூடுகிறவரை நூல் பிரிவில் நின்றவள். புருஷன் இராமதாஸ் போய் ஆறு வருஷமாகிறது. மகன் இனியவன், மகள் செந்தமிழ்ச்செல்வி. மகளை வீட்டில் செல்வி என்பார்கள். போன பிப்ரவரியில் சிதம்பரத்துப் புருஷன் வீட்டிலிருந்து செல்வி ஒரு பையோடு திரும்பி வந்தாள். திரும்பிப் போ என்றான், அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த அண்ணன். "அவ இங்கதான் இருப்பா. ஒனக்குப் புடிக்கலன்னா நீ போ" என்றாள் அம்மா. அவன் போய்விட்டான். பெண்டாட்டி துர்காவோடு காலாப்பட்டில் வாடகை வீடு, அங்கேயே ஒரு விடுதியில் எலக்ட்ரீஷியன் வேலை. ஒன்பது மாதமாகத் தங்கையோடும் பேச்சில்லை, அம்மாவோடும் பேச்சில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைக்கப் போன ஆதிலட்சுமிக்குத் தீப்பெட்டியைப் பிடிக்க முடியாமல் உடம்பு உதறியது. செல்வி ஆட்டோ பிடித்துக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். அங்கேதான் விட்டேன்.

மணி ஒன்பது. வெளியே கார்த்திகை மழை. அவசரப் பிரிவின் வாசலில் ஈரச் செருப்புகள் குவிந்து கிடந்தன.

"ஆதிலட்சுமிகூட வந்தவங்க யாரு?"

செல்வி எழுந்தாள். கூப்பிட்டது நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் டாக்டர். கழுத்தில் தொங்கிய அட்டையில் பாரதி என்றிருந்தது.

"அம்மாவுக்குப் பித்தம் இறங்கி வர்ற பாதை அடைச்சிருக்கு. அதனாலதான் கண்ணு மஞ்சளா இருக்கு. அடைச்ச எடத்துல சீழ் புடிச்சிருக்கு, அதான் இந்தக் குளிர் ஜுரம். மருந்து ஏறிக்கிட்டிருக்கு. சரி, உள்ள இருக்கிற ஸ்டென்ட் எப்ப வச்சது?"

"ஸ்டென்டா? அம்மாவுக்கு ஹார்ட்டுல ஒண்ணும் கெடையாதுங்களே."

"ஹார்ட்டுல இல்லம்மா. பித்தப் பாதையில. பிளாஸ்டிக் குழாய், விரல் நீளத்துக்கு. கல்லை ஒரே தடவையில எடுக்க முடியலன்னா, பித்தம் எறங்குறதுக்கு இந்தக் குழாயை வச்சு அனுப்புவோம். மூணு மாசத்துல வந்து மாத்திக்கணும், இல்லன்னா எடுத்துக்கணும். இதப் பாத்தா ரொம்ப நாளா உள்ளேயே கெடக்குற மாதிரி தெரியுது."

போன டிசம்பரில் அம்மாவுக்கு வயிற்றுவலி வந்ததும், டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கேமரா விட்டுக் கல் எடுத்ததும் செல்விக்குத் தெரியும். அப்போது அவள் சிதம்பரத்தில் இருந்தாள். கூட இருந்து பார்த்தவன் இனியவன். 'கல்லு எடுத்தாச்சி, ஒண்ணுமில்ல, நீ அலைய வேணாம்' என்று போனில் சொன்னவனும் அவன்தான்.

"பழைய ஃபைல் வேணும்" என்றார் டாக்டர். "எவ்வளவு பெரிய கல்லு, ஏன் விட்டாங்க, எல்லாம் அதுல இருக்கும். மத்தியானத்துக்குள்ள செஞ்சாகணும், சீக்கிரம் வரவழைங்க."

செல்வி போனை எடுத்தாள். அண்ணன் நம்பரை அவள் அழிக்கவில்லை. அழித்துவிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் எடுக்கவில்லை. துர்காவுக்குப் போட்டாள்.

"அண்ணி, நான் செல்வி."

"தெரியுது. சொல்லு."

"அண்ணன் எங்க?"

"டூட்டிக்குப் போயாச்சி. இன்னா விஷயம்?"

"அம்மாவுக்கு ஒடம்பு முடியல. கோரிமேட்டுல சேத்திருக்கேன். வயித்துக்குள்ள போன வருஷம் வச்ச குழாய் இருக்குதாம். அண்ணனுக்குத் தெரியுமான்னு கேக்கணும்."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற ஓசை மட்டும் கேட்டது.

"குழாயா? எங்கிட்ட அவரு ஒண்ணும் சொல்லலியே." துர்காவின் குரலில் இருந்த விறைப்பு காணாமல் போயிருந்தது. "நீ போனைக் கையிலயே வச்சிரு. நான் ஆளனுப்பிச் சொல்றேன்."

பத்து நிமிஷத்தில் இனியவன் கூப்பிட்டான். எப்படி இருக்கே, ஏன் கூப்பிட்டே என்ற பேச்செல்லாம் இல்லை.

"ஜுரம் எத்தினி நாளா?"

"இன்னிக்குதான் தெரியும். அண்ணே, குழாய்..."

"ஃபைல் எங்கிட்டதான் இருக்குது. வர்றேன்."

போன் வைக்கப்பட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவதற்காக ஒன்பது மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

இனியவனைத் திட்டி வருகிற கடிதங்களை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். நான் அவனுக்கு வக்கீல் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கெட்ட வார்த்தை பேசாதவன், குடிக்காதவன், அம்மா செத்தால் நாமும் செத்தோம் என்று வளர்ந்தவன். வீட்டில் ஒரு கெட்ட செய்தி வந்தால் அதைத் தானே வாங்கி விழுங்கிவிட வேண்டும், மற்றவர்கள் பயப்படக் கூடாது என்று யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டவன். நம் வீடுகளில் இப்படி ஒருவன் இல்லாத வீடு எது? அவனை நல்ல பிள்ளை என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க மழையில் வண்டி ஓட்டி வந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. சட்டைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஃபைலை எடுத்தான். அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அம்மாகிட்ட சொல்லல செல்வி" என்றான், அவள் கேட்கும் முன்னால். "குழாய்னு சொன்னா அம்மா சாப்புடாது, தூங்காது. தேதி வந்தா எதையாவது சொல்லிக் கூட்டிட்டுப் போயி எடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள நான் வந்துட்டேன். சொல்லேன், இன்னாத்துக்கு முழுங்குற?"

டாக்டர் பாரதி வந்து ஃபைலை வாங்கி, நின்றபடியே புரட்டினார்.

"மார்ச் பன்னெண்டுன்னு தெளிவா எழுதியிருக்கு. எட்டு மாசம் தாண்டிருச்சு." அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி, இனிமே ஆக வேண்டியதைப் பாப்போம். மறுபடியும் வாய் வழியாத்தான் கேமரா விடப் போறோம். வயித்தத் தாண்டி, பித்தம் வந்து விழுற வாய்க்கிட்ட போயி, அடைச்சுக்கிட்ட பழைய குழாயை இழுத்துடுவோம். அந்த வாயைக் கொஞ்சம் பெருசாக்கி, சின்னக் கம்பிக் கூடை ஒண்ணை உள்ள விட்டு, கல்லுங்களைப் புடிச்சு வெளிய எடுப்போம். வெளிய ஒரு தையல்கூட இருக்காது. ஆனா ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். ரத்தம் கசியலாம், கணையம் வீங்கலாம். அவங்க இப்ப இருக்கிற நெலமையில செய்யாம விடுறது அதவிடப் பெரிய ஆபத்து."

"செஞ்சிடுங்க டாக்டர்" என்றான் இனியவன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு விஷயம். குழாய் இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. கல்லு எடுக்கப் போறோம்னு மட்டும் சொல்லுங்க. ரொம்பப் பயப்படும்."

டாக்டர் ஃபைலை மூடினார்.

"கையெழுத்து அவங்கதானே போடணும்? அவங்க வயிறுதானே?" என்று சொல்லிவிட்டுக் கட்டிலை நோக்கி நடந்தார்.

ஆதிலட்சுமி இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். மகனைப் பார்த்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு பார்க்கிறாள்.

"அம்மா, ஒங்க வயித்துக்குள்ள ஒரு குழாய் இருக்கு. போன வருஷம் வச்சது. அத எடுக்கப் போறோம்" என்றார் டாக்டர். "அது இருக்குறது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

இனியவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மார்ச்சு பன்னெண்டு வரச் சொன்னாங்க" என்றாள் ஆதிலட்சுமி.

"ஒனக்கு யாரும்மா சொன்னது?"

"நீதான்டா."

"நான் எங்க சொன்னேன்?"

"அன்னிக்கு டாக்டரு ரூம்லேர்ந்து வெளிய வந்தே. நான் வாயத் தொறக்கல. நீயா வந்து, 'ஒண்ணுமில்லம்மா'ன்ன. ஒண்ணும் இல்லன்னா கேக்காமலே சொல்லுவியா? அப்பவே தெரிஞ்சிச்சி, இன்னாமோ இருக்குதுன்னு." மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "நீ ஆட்டோவக் கூப்புடப் போனப்ப ஃபைல கட்டில் மேல வச்சிட்டுப் போன. தெறந்து பாத்தேன். இங்கிலீசு தெரியாது. தேதி தெரியாதா? முப்பது வருஷம் நம்பர் பாத்து நூல் எடுத்தவடா நான். இந்தத் தேதி எதுக்குன்னு நர்சம்மாவக் கேட்டேன். சொல்லிச்சி."

டாக்டர் பாரதி எத்தனையோ பேரைப் பார்த்தவர். அவருக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.

"தெரிஞ்சுமா இத்தனை மாசம் வராம இருந்தீங்க? ஏம்மா?"

"கூட்டிட்டு வர்றவங்க வரல."

குற்றம் சொல்கிற குரலில்கூட அவள் அதைச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். பேனாவை வாங்கி, நடுங்குகிற விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். செல்விதான் சோப்புத் தண்ணீர் போட்டுத் திருகிக் கழற்றினாள். தள்ளுவண்டி நகர்ந்தது. கதவு வரைக்கும் மகனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

வராண்டாவில் ஒரு பெஞ்சு. ஒரு முனையில் அவன், மறுமுனையில் அவள். நடுவில் அம்மாவின் பை.

அரை மணி நேரம் கழித்துச் செல்விதான் பேச ஆரம்பித்தாள், அதுவும் நல்லதாக இல்லை.

"எல்லாருக்கும் சேத்து நீயே முடிவு பண்ணிடுவ. இல்லண்ணே? அந்த ஆளு குடிப்பான்னு என் கல்யாணத்துக்கு முன்னாடியே ஒனக்குத் தெரியும். கல்யாணமானா சரியாயிடும்னு நீயே முடிவு பண்ணிக்கின. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நாலு வருஷம் அடி வாங்கினது நானு. இப்ப அம்மா."

செல்வி நிறுத்தவில்லை.

"இங்க இருந்து காலாப்பட்டு இன்னா, காசியா? ஒரு போன் பண்ண முடியாதா? 'ஏய், அம்மா வயித்துல குழாய் இருக்குதுடி, போயி எடு'ன்னு ஒரு வரி. என்ன நீ திட்டியே சொல்லியிருக்கலாம்."

"பன்னெண்டாந் தேதி நான் வந்தேன் செல்வி."

"எங்க வந்த?"

"நம்ம தெருவுக்கு. அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்தேன். காலைல எட்டு மணி இருக்கும். தெரு மொனையில பால் பூத்துகிட்ட வண்டிய நிறுத்திட்டு, எப்டி உள்ள வர்றதுன்னு யோசிச்சிக்கினு நின்னேன். அங்கேர்ந்து பாத்தா நம்ம வாசல் தெரியுது. அம்மா வாசப்படியில ஒக்காந்திருக்குது. அந்தப் பச்சப் பொடவ, அப்பா வாங்கிக் குடுத்தது, அதக் கட்டிக்கினு. பக்கத்துல பை. நீ பின்னாடி நின்னு தலை வாரி விட்டுக்கினு இருந்த. இன்னாமோ சொன்ன, ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

மழைச்சாரல் பெஞ்சு வரைக்கும் அடித்தது. அவன் காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

"எங்கியோ கல்யாணத்துக்குக் கெளம்புறாங்கன்னு நெனச்சேன். நான் இல்லாம நல்லாத்தான் இருக்காங்க, நல்ல நாளும் அதுவுமா போயி அழ வைக்கணுமா, அடுத்த வாரம் வருவோம்னு வண்டியத் திருப்பிட்டேன். அடுத்த வாரம் வரல. அப்பால வரவே கூச்சமாப் போச்சி. அம்மாவுக்கு வலி வரலன்னு தெருக்காரங்க மூலமா விசாரிச்சிக்கினேன். வலி இல்லன்னா சரின்னு விட்டுட்டேன்."

செல்வி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்துவிட்டது. முழுதாக வந்துவிட்டது.

"அண்ணே, அந்தப் பையில இன்னா இருந்திச்சி தெரியுமா?"

"எனக்கு எப்டித் தெரியும்?"

"நான் பாத்தேன். ஒரு தட்டு, டம்ளரு, சோப்பு டப்பா, துண்டு, பழைய பொடவ ஒண்ணு. எங்க கெளம்பிட்டம்மான்னு கேட்டேன். சும்மாதான், தலைய வாரி விடுன்னிச்சி. தட்டு எதுக்கும்மா, எந்தக் கல்யாணத்துல தட்டு இல்லன்னு சொன்னாங்கன்னு கிண்டல் பண்ணேன். அதுக்குத்தான் சிரிச்சோம்."

செல்வி சொல்லிக்கொண்டே போனாள்.

"ஒரு மணி வரைக்கும் அந்தப் படியிலயே ஒக்காந்திருந்திச்சி. சாப்புடக் கூப்ட்டேன், வெறும் வயித்தோடதான் இருக்கணும்னிச்சி. வெரதம்னு நெனச்சிக்கினேன். தெரு மொனையப் பாத்துக்கினே இருந்திச்சி. அப்பால எழுந்து உள்ள போயி, பொடவைய அவுத்து மடிச்சி வச்சிட்டு, பழைய சோத்தப் போட்டுக்கினு தின்னிச்சி." செல்வி நடுவில் இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "ஒனக்காகத்தாண்ணே ஒக்காந்திருந்திச்சி."

இனியவன் அழுதான். முகத்தை மூடிக்கொள்ளவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. அந்த வராண்டாவில் அழுகிற ஆண்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒரு ஆயாம்மா பக்கெட்டோடு வந்து, "காலத் தூக்குப்பா" என்று சொல்லித் தரையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

செல்வி பையிலிருந்து துண்டை எடுத்து அவன் பக்கம் போட்டாள். தொடவில்லை. மன்னிக்கவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளுக்குள் வேறொன்று அரிக்க ஆரம்பித்திருந்தது. அவன் காலாப்பட்டில் இருந்தான். அவள் அதே வீட்டில், அதே பாயில் பக்கத்தில் படுத்துக் கிடந்தாள். அம்மா வறுத்த மீனை ஒதுக்க ஆரம்பித்தது எப்போது? நெஞ்சுக்குக் கீழே கை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தது எத்தனை நாள்? வயசாச்சி என்று நினைத்துச் செல்வி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பாள். சொல்லியிருக்க மாட்டாள். இரண்டும் அவளுக்கு ஒன்றாகத்தான் வலித்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் பாரதியின் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தது. பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"முடிஞ்சுது. அம்மா நல்லா மூச்சு விடுறாங்க." டப்பாவைக் காட்டினார். "இதுதான் அது."

வைத்தபோது அது நீல நிறமாம். இப்போது கறுத்து, மண் அடைத்து, ஒரு நுனி நைந்து கிடந்தது. பக்கத்தில் கற்கள். புளியங்கொட்டை அளவில் இரண்டு, மற்றதெல்லாம் பொடிசு.

"பெரிய கல்ல உள்ளேயே ஒடைச்சுத்தான் எடுக்க முடிஞ்சுது. கொழாய இழுத்ததும் சீழ் கொட்டுச்சு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நான் இப்படி நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டேன். புதுசா ஒரு குழாய் வச்சிருக்கோம். ஆறு வாரம் கழிச்சு எடுக்கணும். ஜனவரி ஆறு." மறுபடி வர வேண்டிய தேதியை ஒரு அட்டையில் தானே எழுதினார். எண்களைப் பெரிதாக, அழுத்தமாக எழுதினார்.

"இந்த வாட்டி தப்பாது டாக்டர்" என்றான் இனியவன்.

"இன்னொண்ணு இருக்கு. இப்படி வாங்க."

ஜன்னல் ஓரம் போனார்கள்.

"பித்தப் பாதையில ஒரு எடம் சுருங்கியிருக்கு. பழைய குழாய் மாசக்கணக்கா ஒரசிக்கிட்டே இருந்ததால புண்ணாகி அப்படி ஆகியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும்னு நானும் நெனைக்கிறேன். ஆனா பாத்து மட்டும் சொல்லிட முடியாது. அந்த எடத்துலேர்ந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். பத்து நாள் ஆகும்."

"வேற எதுவா இருக்கலாம்?" என்று செல்விதான் கேட்டாள்.

"கேன்சரா இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம்."

யாரோ ஒரு பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். அது வேறு யாருக்கோ.

"அம்மாவுக்கு இது தெரியணும். அவங்க வெவரமான ஆளு" என்றார் டாக்டர். "நீங்க சொல்றீங்களா, காலையில ரவுண்ட்ஸ் வரும்போது நான் சொல்லட்டுமா?"

இனியவன் வாயைத் திறந்தான். என்ன சொல்ல வந்தான் என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. தங்கையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"நாங்களே சொல்லிடறோம் டாக்டர்" என்றாள் செல்வி. "இனிமே எங்க வீட்ல ஒளிவு மறைவு கெடையாது."

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். இனியவன் மெதுவாகச் சொன்னான்.

"நீயே சொல்லு செல்வி. நான் சொன்னா ஒளறிடுவேன்."

"சொல்றேன். நேரா சொல்லிடணும். அம்மா தாங்கும்."

நாலு மணிக்கு வார்டுக்குள் விட்டார்கள். வெளியே மருந்து வாங்கப் போன இனியவன் மறுபடியும் நனைந்து வந்திருந்தான். ஆதிலட்சுமி சுவர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். நடுக்கம் நின்றிருந்தது. உதடு வெடித்திருந்தது. இன்றைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மூக்குத்தி இல்லாத மூக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

செல்வி அட்டையை எடுத்து அம்மாவின் கையிலேயே வைத்தாள். வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே வந்திருந்தாள். இனி இந்த வீட்டில் அம்மாவின் தேதி அம்மாவிடம்தான் இருக்க வேண்டும்.

ஆதிலட்சுமி அட்டையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"ஆறு, ஒண்ணு" என்று படித்தாள். தொண்டை புண்ணாகியிருந்ததால் குரல் கரகரவென்று வந்தது. "பொங்கலுக்கு முன்னாடி."

"ஆமாம்மா" என்றான் இனியவன்.

"நீ கூட்டிட்டு வர்றியாடா?"

"வர்றேம்மா. வாசலுக்கே வர்றேன். மொனையில நிக்க மாட்டேன்."

மொனை எது என்று அவள் கேட்கவில்லை. அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு, "தலை ஈரமா இருக்குது பாரு. தொவட்டு" என்றாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு மகனிடம் அவள் சொன்ன முதல் வீட்டு வார்த்தை அது. அவன் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினான். துவட்டிக்கொண்டே தங்கையைப் பார்த்தான். சொல்லு என்றது அந்தப் பார்வை.

செல்வி கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் வரிசையாக, தயாராக இருந்தன. ஒரு எடம் சுருங்கியிருக்குதாம்மா. பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்களாம். பத்து நாள்ல தெரியுமாம். மூன்று வரிதான். காலையிலிருந்து அண்ணனைக் கிழித்துத் தொங்கப்போட்டவளுக்கு மூன்று வரி பெரிசா?

அம்மாவின் கை அட்டையை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கையில் ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் வாசப்படியில் காத்திருந்த அதே முகம், வர வேண்டியவன் வந்துவிட்டான் என்று இப்போதுதான் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இன்னும் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று செல்விக்குத் தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு டாக்டர் வருவதற்கு முன்னால் கட்டாயம் சொல்லிவிடலாம்.

ஆதிலட்சுமி மெல்லத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் செல்வி. "நீ தூங்கு."

இனியவனின் கை துண்டோடு அப்படியே நின்றது.

ஆதிலட்சுமியின் பார்வை மகளின் முகத்தைவிட்டு நகரவில்லை. அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.